எட்டாவது கட்டம்

"இன்னாபா இது, ஒரு கட்டம் காலியா கீது?"

கேட்டது மார்கரெட். குட்டியானை வண்டியைக் கல்லறைத் தோட்டத்து கேட்டுக்குள் பின்பக்கமாக விட்டு, ஆண்கள் கயிறும் உருட்டுக் கட்டையுமாகக் கல்லை இறக்கி, பழைய மேடையின் மேல் நிமிர்த்தி வைத்து, சுற்றிலும் சாந்து அப்பி, "ஏசுவே" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள். அதுவரை எல்லோரும் கல் விழுந்துவிடாமல் இருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். கல்லில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

ஆளுயரக் கருங்கல். மேலே சிலுவை. அதன் கீழே 'போரில் உயிர்நீத்த நம் பங்கு மக்கள்' என்று எழுத்து. அதற்கும் கீழே இரண்டு வரிசையாக எட்டுக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் சட்டம் போட்ட மாதிரி கரை எடுத்து, நடுவே கண்ணாடி போல் வழித்திருந்தான் கல்தச்சன். ஏழு கட்டத்தில் ஏழு பேர். வலது பக்கம், கடைசிக் கட்டம் மட்டும் வெறுமனே பளபளவென்று இருந்தது.

குழி வெட்டும் சாலமோன் பீடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்து பார்த்தார்.

"நான் ஒரு குழி தோண்டினா, மறுநாளைக்கு அடக்கம்னு வெச்சுக்க, அத்த அப்டியே வுட்டுட்டு வூட்டுக்குப் போவ மாட்டேன். ஒரு வாழத்தண்டையாவது உள்ள படுக்க வெச்சுட்டுத்தான் போவேன். காலியா வுட்டா அது வாயப் பொளந்துக்கினு ஆளு தேடும். இவனுங்க இன்னாடான்னா கல்லுலயே குழி வெட்டி அனுப்பிச்சிகிறானுங்க."

"சும்மா இரு அண்ணாத்த. வயித்தக் கலக்காத" என்றாள் மார்கரெட்.

"நான் எங்க கலக்கறேன்? கீறத சொல்றேன்."

"அது சரி, நம்ம பங்குல இப்ப மிலிட்டரில யாரு கீறா?" என்று கயிறு சுற்றிக்கொண்டிருந்த ஒருவன் சும்மா வாய்க்கு வந்ததைக் கேட்டான்.

எல்லோருமாகச் சேர்ந்து பிரிசில்லாவைப் பார்த்தார்கள். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து வேறு பக்கம் பார்த்தார்கள். பார்த்ததைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். அப்படித் திரும்பிக்கொண்டதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவள் கையில் டீ பிளாஸ்க் இருந்தது. கல் இறக்குகிறவர்களுக்கென்று வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"டீ ஊத்துமா, ஆறிடப் போவுது" என்றார் சாலமோன், பேச்சை மாற்றுகிறவராக. ஊற்றினாள். பேப்பர் கப்பின் வெளியேதான் பாதி விழுந்தது.

*

பிரிசில்லாவின் ஒரே பிள்ளை ஹேமந்த். ராணுவத்தில் சேர்ந்து மூன்றாவது வருஷம். வடக்கே எங்கேயோ மலைமேல், எல்லையில் இருக்கிறான். ஒரு வாரமாக டிவியைப் போட்டால் அங்கேதான் சண்டை. அந்த ஒரு வாரமாக அவன் ஃபோன் எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்றால் அடிக்கவே இல்லை. யாரோ ஒரு பெண், பொறுமையாக, தொடர்பு எல்லைக்கு வெளியே என்று இந்தியில் ஒரு முறையும் இங்கிலீஷில் ஒரு முறையும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கட்டத்தைக் காலியாக்கியது யார் என்று அந்த நேரம் கல்லறைத் தோட்டத்தில் நின்ற எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. பிரிசில்லாவேதான்.

போன வருஷத்துப் புயலில் பெரிய பூவரச மரம் சாய்ந்து பழைய கடப்பைக் கல் மூன்று துண்டாகிப் போயிற்று. வெள்ளைக்காரன் காலத்தில் பர்மாவுக்கு ரோடு போடவும் மூட்டை சுமக்கவும் பட்டாளத்தோடு போய், திரும்பி வராத ஏழு பேருக்கு வைத்த கல் அது. பண்ணையில் கூலி வேலை செய்துகொண்டிருந்த பிள்ளைகள். உடம்பு ஒன்றும் வரவில்லை. அதனால்தான் இந்தக் கோயில் பங்கில் ஒரு வழக்கம். கல்லறைத் திருநாள் அன்று சாயங்காலம் கோயிலில் ஜெபம் சொல்லித்தருகிற உபதேசியார் கல்லுக்கு எதிரே நின்று ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். அந்தந்த வீட்டிலிருந்து ஒருத்தர் முன்னால் வந்து, பேரின் மேல் கை வைத்து, "எங்க வூட்டு ஆளு" என்று பதில் சொல்லி மெழுகுவத்தி ஏற்ற வேண்டும். மூன்று தடவை கூப்பிட்டும் பதில் வராவிட்டால், செத்தவன் தன்னையே கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து வந்துவிடுவான் என்பார்கள். இதுவரை எந்தப் பேருக்கும் மூன்றாவது தடவை கூப்பிட வேண்டி வந்ததில்லை.

புதுக் கல்லுக்கான கூட்டத்தில் ஃபாதர் கேட்டார்: "விட்டுப் போன பேரு ஏதாச்சும் இருக்கா?"

செல்லம்மா எழுந்தாள். புதுப்பட்டினம் மார்க்கெட்டில் கருவாடு விற்கிறவள். "எங்க தாத்தன் தனகோடி. அந்த ஏழு பேரோட ஒரே கப்பல்ல போனவரு. அவர மட்டும் வுட்டுட்டாங்க ஃபாதர்."

தனகோடி திரும்பி வந்தவர். அதுதான் அவர் செய்த தப்பு. குண்டு விழ ஆரம்பித்ததும் காட்டு வழியே நடந்து, எலும்பும் தோலுமாக, குளிர் காய்ச்சலோடு ஊர் வந்து சேர்ந்தார். ஏழு வீட்டுக்காரரும் மாறி மாறி வாசலில் வந்து நின்றார்கள். "எம்புள்ள எங்கடா? நீ மட்டும் எப்டிடா வந்த?" அவர் யாருக்கும் பதில் சொல்லவில்லையாம். பொழுது சாய்ந்தால் மட்டும் கோயில் சுவரைப் பார்த்துக்கொண்டு ஏழு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவாராம். அவர் வந்த வழியிலேயே அந்த ஏழு பேரும் ஆவியாகப் பின்னால் வந்துவிட்டதாக ஊர் பயந்தது. அவருடைய பெண்டாட்டியைத் தவிர ஒருத்தரும் அவர் கையால் தண்ணீர் வாங்கவில்லை. அந்த வருஷமே செத்துப் போனார். வேலி ஓரமாகப் புதைத்தார்கள். சிலுவைகூட வைக்கவில்லை.

ஃபாதர் கதையைக் கேட்டுத் தலையாட்டி, எட்டுப் பேர் என்று மாமல்லபுரத்துக் கல்பட்டறைக்குச் சொல்லிவிட்டார். அடுத்த கூட்டத்தில் பிரிசில்லா எழுந்தாள்.

"ஃபாதர், சண்டையில செத்தவங்களுக்குத்தான் கல்லு. பயந்துக்கினு ஓடியாந்தவருக்கு இன்னாத்துக்கு? எம்புள்ள இன்னிக்கு எல்லையில நின்னுக்கினு கீறான். நின்னு செத்தவன் பேரும் ஓடியாந்தவன் பேரும் ஒரே கல்லுலயா?"

கை தட்டினார்கள். மிலிட்டரிக்காரன் தாய் சொல்லிவிட்டாள், அதற்கு மேல் யார் பேசுவது? ஃபாதரும் பட்டறைக்கு ஃபோன் போட்டு ஒரு பேரை எடுக்கச் சொன்னார். செல்லம்மா செருப்பை மாட்டிக்கொண்டு, "நல்லா இரு தாயி" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு அது வாழ்த்து மாதிரிதான் காதில் விழுந்தது.

*

பிரிசில்லாவின் புருஷன் கலைவாணன், சிறுசேரி கம்பெனி ஆட்களை ஏற்றும் ஷட்டில் வண்டியை ஓட்டிவிட்டு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "டிவிய நிறுத்துமே" என்றான்.

"இரு. கீழ பேரு ஓடுது."

"ஓடறது கட்சிக்காரன் பேரு. நிறுத்து."

"நம்ம புள்ள கீற எடம்தான அது?"

"அவன் எங்க கீறான்னு அவனே நமக்கு சொல்லல. இவன் இன்னாத்த சொல்லப் போறான்? சிக்னலு இருக்காது. டவர நிறுத்தி வெச்சுருப்பாங்க. என் வண்டில வர இன்ஜினியரு பையன் சொன்னான், சண்டைன்னா மொதல்ல டவரத்தான் நிறுத்துவாங்களாம்."

"அவனுக்கு இன்னா தெரியும்? அவன் ஏசில உக்காந்துக்கினு வரவன்."

கலைவாணன் அவள் முகத்தைப் பார்த்தான். "கல்லப் பாத்துட்டு வந்தேன்" என்றான் மெதுவாக. "வழில நிறுத்திப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

"சாலமோன் அண்ணாத்த சொன்னத கேட்டியா?"

"அந்த ஆளு சொல்றதெல்லாம் ஒரு பேச்சா? குடிச்சிருப்பான்."

"குடிக்கல. நான்தான டீ குடுத்தேன்."

டிவியை அவனே நிறுத்தினான். சாப்பிட உட்கார்ந்தவன் பாதியில் கை கழுவிவிட்டான்.

அவனிடம் சொல்லாத ஒன்று அவளிடம் இருந்தது. ஹேமந்த் கடைசியாகப் பேசினபோது, வழக்கமாகக் கேட்கிற சாப்டியா, கரன்ட் கீதா எல்லாம் கேட்டு முடித்தான். காற்று இரைகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னான்: "யம்மா, பயமா கீதும்மா."

அவள் சொன்னாள்: "ச்சீ, மிலிட்டரிக்காரன் பேசற பேச்சா இது? வெய்யி ஃபோன. யார்னா கேட்டுடப் போறாங்க."

வைத்துவிட்டான். அதற்குப் பிறகுதான் அந்த இந்திக்காரப் பெண்.

*

பிரிசில்லாவுக்கு ஈசிஆர் ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்கிற வேலை. மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் யூனிஃபார்ம் புடவையோடேயே பஸ் ஏறி மாமல்லபுரத்தில் இறங்கினாள். தெரு முழுக்கக் கல் சத்தம். வரிசையாக முகம் இல்லாத அம்மன்கள், கால் வராத பிள்ளையார்கள். அந்தக் கல்லைச் செய்த செங்கல்வராயன் தலைமுதல் கால்வரை மாவு கொட்டின மாதிரி நின்று ஒரு நந்தியின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பிரிசில்லா ஊர் பேரைச் சொன்னதும் மெஷினை நிறுத்திவிட்டு மூக்கில் கட்டியிருந்த துண்டை இறக்கினான்.

"கோயில் கல்லா? இன்னாமா, ஒடஞ்சு போச்சா?"

"ஒடையல. அந்தக் காலி கட்டம்... அத்த மூடணும்."

"மூடணும்னா? சிமென்ட்டு பூசவா? ஒரு மழைக்குப் பேந்துக்கினு வந்துடும். கல்லுல எடுத்தா எடுத்ததுதான்மா. திருப்பி வெக்க முடியாது."

"அப்ப ஒரு பூ போடு. செலுவ போடு. எதுனா போடு."

செங்கல்வராயன் யோசித்தான். தொழில்காரன் யோசனை. "ஏழு கட்டத்துல பேரு, ஒரு கட்டத்துல மட்டும் பூவு. பாக்கறவன் இன்னா கேப்பான்? இது யாருக்கு வெச்சுருக்காங்கன்னு கேப்பான். சும்மா கெடந்தாலாவது வுட்டுப் போச்சுன்னு நெனப்பான். பூ வெச்சா எடம் புடிச்சு வெச்ச மாதிரிமா. பஸ்ஸுல துண்டு போடுவாங்களே, அது மாதிரி."

பிரிசில்லா பக்கத்திலிருந்த அரைகுறை யானை மேல் கை ஊன்றிக்கொண்டாள்.

"ஏம்மா, வெயிலா? தண்ணி குடி. டேய், யாரங்க, ஸ்டூல எடு." அவன் குரல் இறங்கிற்று. "அந்தக் கட்டத்துக்குப் பேரு இருந்துச்சேமா. செங்காவில எழுதிட்டேன். உளி வெக்கப் போற நேரம் ஃபோனு, வாணாம்னு. தொடச்சு வுட்டேன். ஆனா தேய்ச்ச கல்லு காவிய லேசுல வுடாது. ஈரத் துணியால தொட்டுப் பாருங்க, மங்கலா தெரியும். தனகோடின்னு. அந்த வூட்டுக்காரங்க சரின்னு சொல்லட்டும், ஃபாதர் ஒரு வார்த்த சொல்லட்டும், நானே வந்து கல்லு நின்ன வாக்குலயே கொத்திக் குடுத்துட்டுப் போறேன். அது அவரோட கட்டம்தான?"

எழுந்து நடந்தவளைப் பின்னாலிருந்து கூப்பிட்டான்.

"யம்மா! கல்லுக்குப் பின்பக்கம் கரடாத்தான் கீது. வேணும்னா அதையும் வழிச்சுத் தரேன். நாளைக்கு யார்னா சேந்தாக்கூட..."

"வாணாம்!"

அவள் கத்தின கத்தலில் பக்கத்துப் பட்டறையில் உளி நின்றது.

"வாணாம்பா. கரடாவே இருக்கட்டும். கை வெக்காத."

*

மார்க்கெட்டில் செல்லம்மா ஒரு டவுன்ஷிப் அம்மாளிடம் நெத்திலிக் கருவாட்டுக்கு நியாயம் பேசிக்கொண்டிருந்தாள். "நாத்தமா? கருவாடு நாத்தமில்லாம மல்லிப்பூவாட்டமா இருக்கும்? போ தாயி, போயி கேக்கு வாங்கித் துன்னு." அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போன பிறகுதான் பிரிசில்லா முன்னால் வந்தாள்.

"யக்கா."

செல்லம்மா நிமிரவில்லை. "இன்னா வேணும்? வாளயா, காரப்பொடியா?"

"யக்கா, ஒன்னாண்ட ஒண்ணு கேக்கணும்."

"கேக்கறதெல்லாம் கோயில்ல மைக்கு வெச்சுத்தான கேப்ப நீ? இங்க மைக்கு இல்லியே."

"திட்டு. திட்டிக்க. ஆனா தாத்தா பேர கல்லுல போட சரின்னு சொல்லு."

இப்போது நிமிர்ந்தாள். கையிலிருந்த சாக்கைக் கீழே வைத்தாள். "ஓஹோ. நானும் கேள்விப்பட்டேன். ஒரு கட்டம் காலியா கீதாமே. சாலமோன் இன்னாமோ சொன்னானாமே. அதான் ஓடியாந்தியா? நேத்து வரைக்கும் எங்க தாத்தன் பயந்தாங்கொள்ளி. இன்னிக்கி ஒம்புள்ளைக்கி பதுலா அந்தக் குழியில போட ஒரு வாழத்தண்டு வேணும். அதுக்கு எங்க தாத்தன் வேணும்."

"ஆமா" என்றாள் பிரிசில்லா.

செல்லம்மா இதை எதிர்பார்க்கவில்லை. இல்லைக்கா, அப்படி இல்லைக்கா என்று வரும், வந்ததும் பிடித்துக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

"அதுக்குத்தான் வந்தேன். மொதல்ல அதுக்குத்தான் வந்தேன்" என்றாள் பிரிசில்லா. "ஆனா பஸ்ஸுல வரச்சொல்ல வேற ஒண்ணு நெனப்பு வந்துச்சுக்கா. எம்புள்ள போன வாரம் ஃபோன் பண்ணி பயமா கீதும்மான்னான். நான் ச்சீன்னு சொல்லி வெச்சுட்டேன். அவங்கப்பாவுக்குக்கூட தெரியாது. ஒன்னாண்டதான் சொல்றேன். இப்ப நான் தெனமும் ஜெபம் பண்றது இன்னா தெரியுமா? நில்லுடா, ஜெயிடான்னு இல்ல. ஓடியாந்துடுடா கண்ணு. எந்தக் காட்டு வழியாச்சும் ஓடியாந்துடு. ஊரே காறித் துப்பட்டும், நான் கதவத் தொறக்கறேன்னு ஜெபம் பண்றேன். ஒங்க ஆயா தொறந்தாங்களே, அந்த மாதிரி."

மீன் வெட்டுகிற பக்கத்திலிருந்து சத்தம் வந்துகொண்டே இருந்தது. செல்லம்மா ஈ ஓட்டினாள். ரொம்ப நேரம் ஈ ஓட்டினாள்.

"எங்க ஆயா சொல்லும்" என்றாள் கடைசியில். "அவரு நடுங்கறது குளுருன்னு நெனச்சு கோணிப் போத்துவாங்களாம். மேல மேல போத்துவாங்களாம். அப்பவும் நடுங்குவாராம். அது குளுரு இல்லன்னு ஆயாவுக்குக் கடசிலதான் தெரிஞ்சுதாம்."

பிரிசில்லா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"அழுவாத. இங்க அழுதா கருவாடு கெட்டுடும். போடட்டும். ஃபாதராண்ட சொல்றேன். ஆனா ஒண்ணு. பேரு கூப்பிடச்சொல்ல பதுலு நான் சொல்ல மாட்டேன். நான் பொறந்த நாளா சொல்லிக்கினுதான் கீறேன், எவன் காதுலயும் வுழல. நீ சொல்லு. அத்தினி பேருக்கும் முன்னாடி வந்து, கை வெச்சு, எங்க வூட்டு ஆளுன்னு நீ சொல்லு."

பிரிசில்லா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"நானா? யக்கா... அந்தக் கட்டத்துலயா? நான் எப்டிக்கா எங்க வூட்டு ஆளுன்னு..."

"ஏன், வாய் வராதா?"

"அதில்ல. எம்புள்ள அங்க கீறச்சொல்ல, என் வாயாலயே, அந்த எடத்துல கைய வெச்சு..."

"தெரியும்" என்றாள் செல்லம்மா. "பயமா கீதில்ல? எங்க வூட்டுல மூணு தலமொற அப்டித்தான் இருந்துச்சு. நீ ஒரு சாய்ங்காலம் இரு."

*

"வாணாம்மே" என்றான் கலைவாணன். "அந்த ஏழு பேருல நம்ம ஞானமுத்து தாத்தாவுக்கு நான் வருஷா வருஷம் பதுலு சொல்றேன், அது வேற. அந்தப் பேரு எண்பது வருஷமா கல்லுல கீது. இது புதுசா தொறந்த கட்டம். நீயே போயி அதுல கைய வெச்சு எங்க வூட்டு ஆளுன்னா, சாவுக்கு நம்ம வூட்டப் பாத்து வழி காட்டின மாதிரி ஆவாதா?"

"சாலமோன் பேச்செல்லாம் ஒரு பேச்சான்னு கேட்டது யாரு?"

"நான்தான். இப்ப நானே சொல்றேன், வாணாம்."

"சொல்லலன்னா அது காலியாவே கெடக்கும். அந்தக்கா சரின்னு சொல்லாது."

"சொன்னா?"

"சொன்னா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியல" என்றாள் அவள். புருஷனும் பெண்டாட்டியும் ஃபோனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அது பாட்டுக்கு ஏதோ லோன் வேணுமா என்று கேட்டு ஒரு முறை அடித்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்து, ஒருத்தர் கையை ஒருத்தர் தட்டிவிட்டு, பார்த்து, வைத்தார்கள்.

கல்லறைத் திருநாள் வந்தது. காலையிலேயே செங்கல்வராயன் பைக்கில் உளிப் பையோடு வந்து கல்லுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். ஈரத் துணியால் ஒரு முறை துடைத்தான். சொன்னது போலவே மங்கலாக எழுந்து வந்தது பேர். பெண்கள் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டே, அந்த டக் டக் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். மத்தியானம் அவன் தூசியை ஊதிவிட்டு எழுந்தான். பிரிசில்லா தூரத்திலிருந்து பார்த்தாள். கட்டம் நிரம்பிவிட்டது. நெஞ்சு நிரம்பவில்லை.

சாயங்காலம் கால்வாய்ப் பக்கமிருந்து காற்று எழும்பி மெழுகுவத்திகளை ஆட்டிக்கொண்டிருந்தது. செங்கல்பட்டில் வேலை செய்கிறவர்கள், சென்னைக்குப் போனவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். கூட்டம் வழக்கத்தைவிட நெருக்கமாக நின்றது. எதைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று பிரிசில்லாவுக்குத் தெரியும். செல்லம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு, வேலி ஓரத்தில், தாத்தாவைப் புதைத்ததாகச் சொல்லும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

உபதேசியார் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொரு பேருக்கும் ஒரு குரல் எழுந்தது. "ஞானமுத்து!" கலைவாணன் போய்க் கை வைத்தான். "எங்க வூட்டு ஆளு." ஏழாவது பேருக்கு மார்கரெட் போய்விட்டு வந்தாள்.

"தனகோடி!"

பிரிசில்லாவின் கையில் ஃபோன் அதிர்ந்தது.

சத்தம் போடாமல் வைத்திருந்தாள். உள்ளங்கையில் ஒரு பூச்சியைப் பிடித்துக்கொண்டிருப்பது போல் அது துடித்தது. பார்த்தாள். தெரியாத நம்பர். அவனுடைய நம்பர் இல்லை. வேறு யாரோ. மிலிட்டரிக்காரன் வீட்டுக்குத் தெரியாத நம்பரிலிருந்து யார் பேசுவார்கள், என்ன சொல்வதற்குப் பேசுவார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"தனகோடி!" இரண்டாவது தடவை. உபதேசியாரின் கண் கூட்டத்தில் தேடிற்று.

எடுத்தால் தெரிந்துவிடும். எடுக்காத வரைக்கும் அவன் உயிரோடு இருக்கிறான். எடுக்காமல் நின்றால், அவன்தான் கூப்பிடுகிறான் என்றால்? 'வெய்யி ஃபோன' என்று ஒரு தடவை சொன்னவள் இரண்டாவது தடவையும் சொன்ன மாதிரி ஆகாதா? பதில் சொல்லாமல் விட்டால், அந்த மனுஷன் நடுங்கிக்கொண்டே எழுந்து வந்து நிற்பாரா, எண்பது வருஷம் கழித்து மறுபடியும் கதவு திறக்காத ஊரில்? கலைவாணன் அவள் கையில் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டான். "எடுமே" என்று வாயசைத்தான். "எடு!"

உபதேசியார் மூச்சை இழுத்தார்.

அவள் நடந்தாள். ஒரு கையில் ஃபோன் துடித்துக்கொண்டிருக்க, மற்றக் கையைக் கல்லின் மேல் வைத்தாள். புதிதாகக் கொத்தின எழுத்தின் விளிம்பு விரலை அறுத்தது.

"எங்க வூட்டு ஆளு!" என்றாள். சொன்னது போதாது என்று தோன்றிற்று. "தனகோடி எங்க வூட்டு ஆளு. பயந்துக்கினு வந்தாலும் வூட்டுக்கு வந்தவரு."

ஃபோன் நின்றுபோயிற்று.

யாரோ மெழுகுவத்தியை அவள் கையில் வைத்தார்கள். பார்த்தால் செல்லம்மா. எப்போது வேலியை விட்டு வந்தாள் என்று தெரியவில்லை. "ஏத்து" என்றாள். "கை ஆடுது, நான் புடிச்சுக்கறேன், ஏத்து." இரண்டு பேருமாக ஏற்றினார்கள். காற்று அணைத்தது. மறுபடி ஏற்றினார்கள்.

ஃபோன் மறுபடி அதிர்ந்தது. அதே நம்பர். கலைவாணன் ஓடி வந்தான். அவள் காதில் வைத்தாள்.

"யம்மா? யம்மா, கேக்குதா? எத்தினி தடவ கூப்புடறது?"

அவள் அப்படியே கல் மேடையில் உட்கார்ந்துவிட்டாள்.

"யம்மா, இது வேற ஒருத்தரு ஃபோனு. லைன்ல நெறைய பேரு நிக்கறாங்க, சீக்கிரம் பேசு. நல்லாத்தான் கீறேன். அப்பா எங்க? இன்னா சத்தம் அங்க?"

"கல்லறத் திருநாளு. பேரு கூப்புடறாங்கடா."

"யாரு பேரு?"

"ஓடியாந்தவரு ஒருத்தரு. நம்ம வூட்டு ஆளு." மூக்கை உறிஞ்சினாள். "ஹேமந்து, அன்னிக்கி பயமா கீதுன்னியே. இப்ப சொல்லுடா. எவ்ளோ வேணா சொல்லு. நான் கேக்கறேன்."

அந்தப் பக்கம் காற்று இரைந்தது. யாரோ இந்தியில் அதட்டினார்கள்.

"கீதும்மா" என்றான் பிள்ளை, சின்னக் குரலில். "இன்னும் கீது. நாளைக்கு இன்னும் மேல போறோம். அங்க..."

கட் ஆயிற்று.

கலைவாணன் ஃபோனைப் பிடுங்கித் திருப்பி அடித்தான். அந்தப் பெண் வந்து இந்தியில் சொன்னாள், பிறகு இங்கிலீஷில் சொன்னாள். "இருக்கான்ல? பேசினான்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். "பேசினான்" என்றாள். "நாளைக்கு?" என்றான்.

ஜெபம் முடிந்து கூட்டம் கலைந்தது. சாலமோன் பக்கத்தில் வந்து நின்று, "கட்டம் ரொம்பிடுச்சுமா, இனிமே பயமில்ல" என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில். அவள் தலையாட்டினாள். செல்லம்மா போகிற போக்கில், "நாளைக்கு மார்க்கெட்டுக்கு வா. நெத்திலி எடுத்து வெக்கறேன். ஒக்காந்து பேசலாம்" என்றாள்.

எல்லோரும் போன பிறகு பிரிசில்லா கல்லைச் சுற்றிக்கொண்டு, செங்கல்வராயனிடம் கை வைக்காதே என்று சொன்ன பின்பக்கத்துக்குப் போனாள். இருட்டத் தொடங்கியிருந்தது. மேலிருந்து கீழ்வரை, ஒரு மூலை விடாமல், உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். கல் கரடுமுரடாகத்தான் இருந்தது. ஓரிடத்தில் மட்டும், கைக்குட்டை அகலத்துக்கு, கொஞ்சம் வழவழவென்று பட்டது. பாறையை வெட்டின வாகா, கல்தச்சன் கையா, இல்லை அவளுடைய கையே மரத்துப் போயிற்றா என்று தெரியவில்லை.

"இன்னாமே தேடற?" என்று கலைவாணன் முன்பக்கத்திலிருந்து கேட்டான்.

"ஒண்ணியும் இல்ல" என்றாள். சொல்லிவிட்டு அந்த இடத்தை மூடின கையை மட்டும் எடுக்காமல் நின்றாள்.